அடிமனை யாருடையது? மேசைக்கணினி மென்பொருளின் சட்டகத் தேர்வும் பெங்களூருவின் மூன்று அனுபவங்களும்

தமிழ்நாட்டின் கோயில் நகரங்கள் பலவற்றில் அடிமனை வாடகை என்றொரு வழக்கம் உண்டு. நிலம் கோயிலுக்கு உரியது; அதன்மேல் நிற்கும் வீடு கட்டியவருக்கு உரியது. கட்டியவர் தம் பணத்தையும் உழைப்பையும் அவ்வீட்டில் இட்டிருப்பார். தலைமுறைகள் அங்கே வாழ்ந்திருக்கும். ஆயினும் நிலத்தின் நிபந்தனைகள் மாறும் நாளில் வீட்டின் கதியும் மாறும். மேசைக்கணினி மென்பொருள் எழுதுவோர் முதலில் எடுக்க வேண்டிய முடிவும் இத்தகையதே. எழுதப்படும் செயலி எழுதுவோருடையது. அது எதன்மேல் எழுப்பப்படுகிறதோ அந்தச் சட்டகம் பெரும்பாலும் வேறொருவருடையது.

சட்டகம் என்பது என்ன? திரையில் சாளரம் வரைதல், பொத்தானை அழுத்தியதை உணர்தல், பட்டியைத் திறத்தல், தட்டச்சு செய்த எழுத்தை வரியாக அடுக்குதல், அச்சுப்பொறிக்கு அனுப்புதல் ஆகிய பணிகள் எல்லாச் செயலிகளுக்கும் பொதுவானவை. இவற்றை ஒருமுறை எழுதித் தொகுத்துப் பிறர் பயன்படுத்தத் தருவதே சட்டகம். நிரலகத்துக்கும் அதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. நிரலகத்தை நிரலாளரின் நிரல் வேண்டும்போது அழைத்துக்கொள்ளும். சட்டகமோ நிரலாளரின் நிரலைத் தான் அழைக்கும். செயலி எப்போது விழிக்க வேண்டும், எந்த நிகழ்வுக்கு எப்படி எதிர்வினை ஆற்ற வேண்டும் என்பதைச் சட்டகமே வகுக்கிறது. ஆகவே ஒரு நிரலகத்தை மாற்றுவது ஓர் அறையைப் பழுதுபார்ப்பது போன்றது. சட்டகத்தை மாற்றுவது பெரும்பாலும் வீட்டை இடித்துக் கட்டுவதாகவே முடியும்.

பாடநூல்கள் சட்டகங்களை ஒப்பிடும்போது வேகம், கற்கும் எளிமை, தோற்றம், எத்தனை இயங்குதளங்களில் ஓடும் என்பவற்றை அட்டவணையிடுகின்றன. இவை தேவையான கேள்விகளே. ஆனால் கடந்த நாற்பது ஆண்டுகளின் வரலாறு இவற்றுக்கு முன்னால் வேறொரு கேள்வியை வைக்கிறது. சட்டகத்தின் உரிமையாளர் மனம் மாறினால், அல்லது உரிமையாளரே மாறினால், அதன்மேல் எழுதியவர்க்கு எஞ்சுவது என்ன? பெங்களூருவில் நிகழ்ந்த மூன்று அனுபவங்கள் இக்கேள்விக்கு மூன்று வெவ்வேறு விடைகளைத் தருகின்றன.

1. சொந்தச் சட்டகம்: டேலி

1986இல் பெங்களூருவில் ஷ்யாம் சுந்தர் கோயங்காவும் அவர் மகன் பரத் கோயங்காவும் பியூட்ரானிக்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். தந்தை, தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் இருந்த ஆலைகளுக்கு மூலப்பொருள்களையும் இயந்திர உதிரிபாகங்களையும் வழங்கிவந்த வணிகர். தம் கணக்குகளைக் கையாளத் தக்க மென்பொருள் கிடைக்காததால், கணிதம் பயின்ற மகனிடம் அதை எழுதச் சொன்னார். 'பியூட்ரானிக்ஸ் ஃபைனான்ஷியல் அக்கவுன்டன்ட்' என்ற பெயரில் எம்எஸ்-டாஸ் இயங்குதளத்துக்காக எழுதப்பட்ட அம்மென்பொருளே பின்னர் டேலி ஆயிற்று. 1999இல் நிறுவனமும் டேலி சொல்யூஷன்ஸ் எனப் பெயர் மாறியது.

டாஸ் காலத்தில் சட்டகத் தேர்வு என்ற சிக்கல் இன்றைய பொருளில் இல்லை. திரை என்பது 25 வரிகளும் வரிக்கு 80 எழுத்துகளும் கொண்ட ஒரு கட்டம். அதில் பட்டியை எங்கே வைப்பது, எந்த விசைக்கு என்ன பொருள் என்பதை ஒவ்வொரு நிரலாளரும் தாமே முடிவுசெய்தார். 1990இல் விண்டோஸ் 3.0 வெளிவந்த பின் நிலைமை மாறியது. சாளரங்களின் உலகில் எல்லாவற்றையும் தாமே எழுதுவது பெருஞ்சுமை. அச்சுமையைக் குறைக்க 1991இல் விஷுவல் பேசிக்கும் 1992இல் மைக்ரோசாஃப்டின் எம்எஃப்சி சட்டகமும் வந்தன. 1995இல் போர்லாண்டின் டெல்ஃபி வந்தது. படிவத்தின்மேல் பொத்தானை எலியால் இழுத்து வைத்து, அதன் பின்னால் சில வரிகள் எழுதினால் செயலி ஆயத்தம் என்ற வசதி, இந்திய நகரங்களின் கணினிப் பயிற்சி நிலையங்களில் ஒரு தலைமுறையையே விபி நிரலாளர்களாக ஆக்கியது. கடை, மருத்துவமனை, பள்ளி அலுவலகம் எனச் சிறு நிறுவனங்களுக்கான மென்பொருள்கள் இவ்வாறே பெருகின.

அந்தத் தலைமுறைக்கு நேர்ந்ததை நினைவுகூர்வது டேலியின் பாதையை விளங்கிக்கொள்ள உதவும். 1998இல் வெளிவந்த விஷுவல் பேசிக் 6 அவ்வரிசையின் கடைசிப் பதிப்பாக அமைந்தது. 2002இல் டாட்நெட் வந்தபோது அதே பெயரைத் தாங்கி வந்த புதிய மொழியில் பழைய நிரல்கள் அப்படியே ஓடவில்லை. பெருமளவு திருத்தி எழுத வேண்டியிருந்தது. 2005 மார்ச்சில் விபி 6க்கான முதன்மை ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. பழைய செயலிகள் விண்டோஸில் தொடர்ந்து ஓடின என்பது உண்மை. நிலம் பறிக்கப்படவில்லை, அத்தெருவுக்குப் புதிய குழாயும் மின்கம்பியும் வருவது மட்டும் நின்றது. அதன் பின்னும் அதே நிறுவனத்திடமிருந்து 2002இல் விண்டோஸ் ஃபார்ம்ஸ், 2006இல் டபிள்யூபிஎஃப், 2007இல் சில்வர்லைட், 2012இல் விண்டோஸ் 8இன் புதிய செயலிமுறை, 2015இல் யுடபிள்யூபி, 2021இல் வின்யுஐ 3 என்று சட்டகங்கள் அடுத்தடுத்து வந்தன. சில்வர்லைட்டுக்கான ஆதரவு 2021 அக்டோபரில் முடிந்தது. ஒவ்வொன்றும் வரும்போது 'இதுவே எதிர்காலம்' என்ற உறுதியுடனேயே வந்தது.

டேலி இவ்வரிசையில் எதையும் தன் அடித்தளமாக ஏற்கவில்லை. தன் திரைகளை விவரிப்பதற்குத் தனக்கென்றே ஒரு மொழியை வைத்துக்கொண்டது. டேலி டெஃபினிஷன் லாங்குவேஜ், சுருக்கமாக டிடிஎல், என்பது அதன் பெயர். இம்மொழியில் ஓர் அறிக்கை படிவங்களால் ஆனது. படிவம் பகுதிகளால் ஆனது. பகுதி வரிகளால் ஆனது. வரி புலங்களால் ஆனது. நிரலாளர் 'இங்கே இந்தப் புலம் இருக்கட்டும், அதற்கு இந்த மதிப்பு வரட்டும்' என்று அறிவிக்கிறார். அதைத் திரையில் எப்படி வரைவது என்பதை அடியில் உள்ள பொறி பார்த்துக்கொள்கிறது. டேலியின் இடைமுகமே இம்மொழியில் எழுதப்பட்டது. இவ்வமைப்பின் பயன் வெளிப்படையானது. இயங்குதளத்தில் மாற்றம் வந்தால் பொறியைத் திருத்தினால் போதும்; மேலே உள்ள ஆயிரக்கணக்கான வரையறைகளைத் தொட வேண்டியதில்லை.

பயனருக்கு இதன் விளைவு விசைப்பலகையில் தெரிந்தது. விண்டோஸ் மரபில் எஃப்5 விசை பல இடங்களில் திரையைப் புதுப்பிக்கும். டேலியில் எஃப்5 என்றால் பணம் செலுத்தல், எஃப்6 பணம் பெறுதல், எஃப்7 நாட்குறிப்பு, எஃப்8 விற்பனை, எஃப்9 கொள்முதல். கன்ட்ரோலும் ஏ-யும் சேர்ந்தால் பதிவு ஏற்கப்படும். எலியைத் தொடாமல் நாளெல்லாம் வவுச்சர் போடும் கணக்கர் ஒருவரின் கண் சீட்டின்மேலும் விரல் விசைமேலும் இருக்கும். பிறர் சட்டகத்தைக் கடன் வாங்கியிருந்தால், அச்சட்டகத்தின் பொத்தான்களும் மரபுகளும் சேர்ந்தே வந்திருக்கும். கணக்கரின் வேலைமுறைக்கு ஏற்ற இடைமுகத்தைப் பல்லாண்டுகள் மாறாமல் காக்க முடிந்ததற்குச் சொந்த அடிமனை ஒரு முக்கியக் காரணம்.

வரிச்சட்டங்கள் இவ்வமைப்பைச் சோதித்தன. கர்நாடகத்தில் மதிப்புக் கூட்டு வரி 2005 ஏப்ரல் 1இலும் தமிழ்நாட்டில் 2007 ஜனவரி 1இலும் நடைமுறைக்கு வந்தது. 2017 ஜூலை 1இல் சரக்கு மற்றும் சேவை வரி நாடெங்கும் வந்தது. ஒவ்வொரு மாற்றமும் புதிய புலங்களையும் புதிய அறிக்கைகளையும் கேட்டது. சட்டம் மாறும் வேகத்தில் திரைகளை மாற்றுவதற்கு அறிவிப்பு மொழி ஏற்றதாக இருந்தது. அரிசி ஆலைக்கு ஒரு புலம், மருந்துக் கடைக்கு ஒரு புலம் என ஊர்தோறும் தேவைக்கேற்ப டிடிஎல் எழுதித் தரும் நிரலாளர்களின் தொழிலும் இதைச் சார்ந்தே வளர்ந்தது.

ஆயினும் சொந்த மனைக்கும் விலை உண்டு. உலகெங்கும் உள்ள நிரலாளர்கள் பொதுச் சட்டகங்களைப் பழுதுபார்த்துக்கொண்டிருக்க, டேலி தன் சுவரைத் தானே பூச வேண்டும். டிடிஎல் கற்றவரின் திறமைக்கு டேலிக்கு வெளியே சந்தை இல்லை. டேலிக்குச் சொந்த மனையாக இருப்பது டிடிஎல் நிரலாளருக்கு அடிமனை வாடகைதான். மேலும், டேலி விண்டோஸ் செயலியாகவே வளர்ந்தது. ஆகவே அந்தச் சொந்த மனையும் இன்னும் பெரியதொரு நிலத்தின்மேல்தான் நிற்கிறது. 2020 நவம்பரில் டேலிபிரைம் வெளிவந்து திரைத்தோற்றம் முற்றிலும் மாறியபோது வவுச்சர் விசைகள் மாறாமல் காக்கப்பட்டன என்பது குறிப்பிடத்தக்கது. தன்மேல் கட்டியிருப்போர்க்கு எது மாறக்கூடாது என்பதை நிலத்தின் உரிமையாளர் அறிந்திருந்ததற்கு அது ஓர் அடையாளம்.

2. ஒப்பந்தம் உள்ள சட்டகம்: 2011இன் இரண்டு மாநாடுகள்

சொந்தச் சட்டகம் எழுதுவது எல்லோருக்கும் இயலாது. ஒரு மாணவர், ஓர் ஆய்வகம், ஒரு சிறு குழு பிறர் சட்டகத்தையே நாட வேண்டும். அந்நிலையில் எந்த நிபந்தனைகளை நம்பலாம் என்பதை 2011இன் நிகழ்வுகள் காட்டுகின்றன.

பெங்களூருவில் கட்டற்ற மென்பொருள் இயக்கத்துக்கு அதற்கு முன்பே ஒரு மரபு இருந்தது. 2001இல் 'லினக்ஸ் பெங்களூர்' என்ற பெயரில் தொடங்கிய மாநாடு 2005 முதல் 'ஃபாஸ் டாட் இன்' என்ற பெயரில் நடந்தது. அம்மரபின் தொடர்ச்சியாக 2011 மார்ச்சில் ஆர்.வி. பொறியியல் கல்லூரியில் கேடிஇ திட்டத்தின் இந்திய மாநாடும், ஏப்ரல் தொடக்கத்தில் தயானந்த சாகர் கல்வி நிறுவன வளாகத்தில் க்னோம் திட்டத்தின் ஆசிய மாநாடும் நடைபெற்றன. லினக்ஸ் மேசைக்கணினியின் இரு பெரும் சூழல்கள் ஒரே நகரத்தில், ஒரு மாத இடைவெளிக்குள், மாணவர்கள்முன் வந்து நின்றன. கேடிஇ க்யூட் என்ற சட்டகத்தின்மேலும், க்னோம் ஜிடிகே என்ற சட்டகத்தின்மேலும் கட்டப்பட்டவை.

இவ்விரண்டும் ஏன் இரண்டாயின என்பதே உரிமை பற்றிய கதை. க்யூட்டை நோர்வேயைச் சேர்ந்த ஹாவர்ட் நோர்ட், ஐரிக் சாம்பே-எங் ஆகியோர் உருவாக்கினர். 1995 மே மாதம் அது முதன்முதலில் வெளியிடப்பட்டது. 1996 அக்டோபரில் மத்தியாஸ் எட்ரிச் கேடிஇ திட்டத்தை அறிவித்தபோது அவர் க்யூட்டைத் தேர்ந்தெடுத்தார். அது தரமானது, ஆனால் அப்போதைய அதன் உரிமம் கட்டற்ற மென்பொருளின் வரையறைக்குள் அடங்கவில்லை. முழுக் கட்டற்ற சூழலின் அடித்தளம் ஒரு தனி நிறுவனத்தின் கையில் இருக்கலாமா என்ற வாதம் எழுந்தது. அதன் விளைவாக 1997 ஆகஸ்டில் மிகேல் டி இகாசாவும் ஃபெடெரிகோ மேனாவும் க்னோம் திட்டத்தை அறிவித்தனர். படத்திருத்தச் செயலியான கிம்புக்காக பெர்க்லி மாணவர்களாக இருந்த ஸ்பென்சர் கிம்பாலும் பீட்டர் மேட்டிஸும் எழுதிய ஜிடிகே அதற்கு அடித்தளமாயிற்று.

கேடிஇ தரப்பு வேறொரு தீர்வை நாடியது. 1998இல் க்யூட்டின் உரிமையாளரான ட்ரோல்டெக் நிறுவனத்துடன் சேர்ந்து ஒரு அறக்கட்டளை நிறுவப்பட்டது. அதன் ஒப்பந்தத்தின் சாரம் எளியது: க்யூட்டின் கட்டற்ற பதிப்பை வெளியிடுவதை நிறுவனம் பன்னிரண்டு மாதங்கள் நிறுத்தினால், அதைத் தாராளமான பிஎஸ்டி வகை உரிமத்தில் எவரும் பயன்படுத்துமாறு வெளியிடும் உரிமை அறக்கட்டளைக்கு உண்டு. அடிமனைக்குப் பட்டா கிடைக்கவில்லை. உரிமையாளர் கைவிட்டால் நிலம் குடியிருப்போர்க்கே என்ற பத்திரம் கிடைத்தது. 2000இல் க்யூட் ஜிபிஎல் உரிமத்தின்கீழும் வந்தது.

அப்பத்திரத்தின் மதிப்பு 2011இல் உணரப்பட்டது. 2008இல் ட்ரோல்டெக்கை நோக்கியா வாங்கியிருந்தது. 2009இல் எல்ஜிபிஎல் உரிமத்தையும் சேர்த்த நோக்கியா, பின்னர் தன் கைப்பேசிகளின் செயலிகளுக்கு க்யூட்டே அடித்தளம் என அறிவித்தது. க்யூட் கற்றால் கைப்பேசித் தொழிலில் இடம் உண்டு என்ற நம்பிக்கை பொறியியல் மாணவரிடையே பரவ அது காரணமாயிற்று. ஆனால் 2011 பிப்ரவரி 11இல் நோக்கியா தன் எதிர்காலக் கைப்பேசிகள் மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் ஃபோன் தளத்தில் இயங்கும் என்று அறிவித்தது. அத்தளத்தில் க்யூட்டுக்கு இடம் இல்லை. பெங்களூருவில் கேடிஇ மாநாடு தொடங்க ஒரு மாதம்கூட இல்லாத நேரம் அது. க்யூட்டைக் கற்க வந்த மாணவர்கள், அதன் உரிமையாளரே அதைத் தன் முதன்மைத் திட்டத்திலிருந்து நீக்கிவிட்ட ஒரு சட்டகத்தையே கற்றனர். மாநாடு நடந்த அதே மார்ச்சில், க்யூட்டின் வணிக உரிமத் தொழிலை ஃபின்லாந்தின் டிஜியா நிறுவனத்துக்கு விற்பதாக நோக்கியா அறிவித்தது. 2012இல் எஞ்சியதும் டிஜியாவிடம் சென்றது.

க்யூட் அழியவில்லை. நிரல் கட்டற்ற உரிமத்தில் இருந்ததும், கைவிடப்பட்டால் என்ன ஆகும் என்பதை 1998இன் ஒப்பந்தம் முன்பே எழுதிவைத்திருந்ததும் அதற்குக் காரணங்கள். ஆனால் அப்பத்திரம் எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை. 2020 ஜனவரியில், நீண்டகால ஆதரவுப் பதிப்புகளின் பிற்காலத் திருத்தங்கள் வணிக உரிமம் பெற்றவர்க்கு மட்டுமே கிடைக்கும் என்று அன்றைய உரிமையாளரான க்யூட் நிறுவனம் அறிவித்தது. குடியிருப்பு உறுதி, பராமரிப்பின் அளவு பேரத்துக்கு உரியது என்பதே நிலை.

தனி உரிமையாளர் இல்லாத ஜிடிகே பாதுகாப்பான தெரிவாகத் தோன்றலாம். அதன் மூன்றாம் பதிப்பு 2011 பிப்ரவரி 10இல், நோக்கியா அறிவிப்புக்கு முந்தைய நாள், வெளிவந்தது. பெங்களூரு மாநாடு முடிந்த சில நாட்களில், ஏப்ரல் 6இல், அதன்மேல் கட்டப்பட்ட க்னோம் 3 வெளியானது. ஆனால் இரண்டாம் பதிப்புக்கு எழுதப்பட்ட செயலிகள் மூன்றாம் பதிப்பில் அப்படியே இயங்கவில்லை. எந்தச் செயலிக்காக ஜிடிகே பிறந்ததோ அந்த கிம்ப், ஜிடிகே 3க்கு முழுமையாக மாறிய தன் 3.0 பதிப்பை 2025 மார்ச்சில்தான் வெளியிட்டது. அதற்குள் ஜிடிகே 4 வெளிவந்து நான்கு ஆண்டுகள் கடந்திருந்தன. வெளியேற்றும் உரிமையாளர் இல்லாத நிலத்திலும், தெருவின் மட்டம் உயர்ந்தால் வீட்டையும் உயர்த்திக் கட்ட வேண்டியிருக்கிறது.

3. சட்டகமும் எழுத்தும்

சட்டகத் தேர்வில் இந்திய மொழிகளுக்கு உரிய பங்கு ஒன்று உண்டு. எழுத்தை வரியாக அடுக்கும் பணி சட்டகத்தையும் அதன் அடியில் உள்ள இயங்குதளத்தையும் சார்ந்தது. கன்னடத்தின் ஒத்தக்ஷரங்களையும் தமிழின் கொம்பு, கால் ஆகியவற்றையும் உரிய இடத்தில் வைக்க அவை அறியாவிட்டால், செயலி எழுதுபவர் எவ்வளவு முயன்றும் பயன் குறைவு. 2000இல் வந்த விண்டோஸ் 2000 தேவநாகரிக்கும் தமிழுக்கும் யூனிகோடு வழியில் இடம் தந்தது. கன்னடம் அடுத்த ஆண்டு வந்த விண்டோஸ் எக்ஸ்பி வரை காத்திருந்தது. 1998இல் சேஷாத்ரிவாசு சந்திரசேகரன் வெளியிட்ட கன்னட மென்பொருளான 'பரஹ' போன்றவை, இயங்குதளம் தராததை எழுத்துருக்களின் வழியே தாமே ஈடுசெய்ய வேண்டிய காலத்தில் பிறந்தவை.

திறந்த சட்டகத்தில் வேறொரு வழி இருந்தது. யூனிகோடு பரவுவதற்கு முன் இணையத் தமிழில் புழங்கிய குறியீடுகளுள் ஒன்று தகுதரம் எனப்பட்ட டிஸ்கி. அதை யூனிகோடாகவும் மறுதலையாகவும் மாற்றும் நிரலை ஹான்ஸ் பீட்டர் பீக்கர் 2000இல் எழுதினார். அது க்யூட்டின் மூன்றாம் பதிப்பு வரிசையில் சட்டகத்தின் ஓர் அங்கமாகவே இடம்பெற்றது. சந்தை சிறியது என்று உரிமையாளர் ஒதுக்கும் ஒரு மொழிக்கு, வெளியிலிருந்து ஒருவர் கதவு வைக்க முடிந்தது. மூடிய சட்டகத்தில் அதே தேவைக்கு உரிமையாளரின் அடுத்த பதிப்பு வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

4. வெளியேறச் சொன்ன சட்டகம்: போஸ்ட்மேன்

மூன்றாவது அனுபவம் இணையத் தொழில்நுட்பம் மேசைக்கணினிக்குள் நுழைந்த காலத்தது. 2012இல் அபினவ் அஸ்தானா, இணைய இடைமுகங்களைச் சோதிக்க உதவும் போஸ்ட்மேன் என்ற கருவியை கூகுள் குரோம் உலாவியின் நீட்சியாக வெளியிட்டார். நிரலாளர்களிடையே அது விரைவில் பரவியது. 2014இல் அங்கித் சோப்தி, அபிஜித் கேன் ஆகியோருடன் சேர்ந்து அவர் அதைப் பெங்களூருவில் நிறுவனமாக்கினார். உலாவிக்கு வெளியே தனிச் சாளரத்தில் இயங்கும் 'குரோம் செயலி' என்ற வசதியை கூகுள் அக்காலத்தில் முன்வைத்திருந்தது. ஒருமுறை எழுதினால் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். விநியோகத்தை கூகுளின் கடையே பார்த்துக்கொள்ளும். சிறு குழுவுக்கு அதைவிட மலிவான மனை கிடைப்பது அரிது.

2016 ஆகஸ்டில், இம்மூன்று இயங்குதளங்களிலும் குரோம் செயலிகளைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக கூகுள் அறிவித்தது. பயனர்களில் ஏறத்தாழ 1 விழுக்காட்டினரே அவற்றைப் பயன்படுத்துகின்றனர் என்பது சொல்லப்பட்ட காரணம். கூகுளின் கணக்கில் 1 விழுக்காடாக இருந்தது, அதன்மேல் கட்டியவர்களுக்கு முழு வீடு.

போஸ்ட்மேன் தப்பியது. அதன் நிரல் ஹெச்டிஎம்எல், ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய பொதுத் தரங்களில் எழுதப்பட்டிருந்தது. கிட்ஹப் நிறுவனம் தன் ஆட்டம் என்ற உரைத்திருத்திக்காக 2013இல் தொடங்கிய எலக்ட்ரான் சட்டகம் அதே மொழிகளில் மேசைக்கணினிச் செயலி எழுத இடம் தந்தது. 2016இலேயே தனிச் செயலி வெளிவரத் தொடங்கியது. 2017 இறுதியில் குரோம் வடிவம் கைவிடப்படுவதாக போஸ்ட்மேன் தன் பயனர்களுக்கு அறிவித்தது. சுவரின் கற்கள் எங்கும் பொருந்தும் அளவில் இருந்ததால் வீட்டைப் பெயர்த்துக் கட்ட முடிந்தது. அதற்கு ஒரு விலையும் இருந்தது. எலக்ட்ரானில் எழுதப்படும் ஒவ்வொரு செயலியும் ஒரு முழு உலாவியின் பொறியைத் தன்னுடன் சுமக்கிறது. வட்டிலும் நினைவகத்திலும் அந்த எடை பயனரின் கணினிமேல் ஏறுகிறது.

எலக்ட்ரானின் பிற்கால வரலாறும் இங்கே பொருந்துகிறது. 2018இல் கிட்ஹப்பை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. 2019 டிசம்பரில் எலக்ட்ரான் ஓப்பன்ஜேஎஸ் அறக்கட்டளையின் திட்டமாயிற்று. 2022 டிசம்பரில் ஆட்டம் உரைத்திருத்தி நிறுத்தப்பட்டது. எந்தச் செயலிக்காகப் பிறந்ததோ அச்செயலி மறைந்த பின்னும் சட்டகம் வாழ்கிறது. அதன் நிரல் திறந்த உரிமத்தில் இருந்ததும், பல நிறுவனங்கள் அதைச் சார்ந்திருந்ததும், அதற்கெனத் தனி ஆளுகை அமைந்ததும் சேர்ந்து அதைக் காத்தன.

5. வரலாறு கேட்கச் சொல்லும் கேள்விகள்

இம்மூன்று அனுபவங்களில் எது சரியான தெரிவு என்று தீர்ப்பு எழுதுவது வரலாற்றின் வேலை அன்று. டேலிக்கு நாற்பது ஆண்டு நிலைக்க வேண்டிய கணக்குமுறை இருந்தது. அதற்குச் சொந்தச் சட்டகத்தின் செலவு தகும். கேடிஇ தன்னார்வலர்களிடம் பணம் இல்லை. ஆனால் ஒப்பந்தம் எழுதும் முன்னறிவு இருந்தது. போஸ்ட்மேனுக்கு விரைவு தேவைப்பட்டது. பொதுத் தரங்களில் எழுதியதால் வெளியேறும் வழி திறந்திருந்தது. மூன்றிலும் பொதுவாக இருப்பது, சிக்கல் வந்த நாளில் தொழில்நுட்பச் சிறப்பு காப்பாற்றவில்லை என்பதே. விஷுவல் பேசிக் 6 கைவிடப்பட்டபோது அது மோசமான கருவியாக இருக்கவில்லை. நோக்கியா விலகிய நாளில் க்யூட்டின் தரம் குறைந்திருக்கவில்லை.

ஆகவே இன்று ஓர் ஆய்வகத்துக்கோ நூலகத்துக்கோ சிறு தொழிலுக்கோ மேசைக்கணினிச் செயலி எழுத முனைபவர், வேகத்தையும் தோற்றத்தையும் ஒப்பிடும் அட்டவணைக்கு முன் சில கேள்விகளை எழுதிக்கொள்வது நன்று. இச்சட்டகத்தின் உரிமம் யாரிடம் உள்ளது? உரிமையாளர் விலகினால் நிரலைத் தொடர்ந்து பராமரிக்கும் உரிமையும் ஆற்றலும் எவருக்கேனும் உண்டா? முந்தைய பதிப்புகளுக்கு எழுதியவர்களை உரிமையாளர் எப்படி நடத்தினார்? செயலியின் உயிரான பகுதி, அதாவது கணக்கின் விதிகள், தரவின் அமைப்பு, சொற்களின் அடுக்கு, சட்டகத்திலிருந்து பிரித்து எழுதப்பட்டுள்ளதா? தமிழும் கன்னடமும் அதில் ஒழுங்காக அமையாவிட்டால் திருத்த வழி உண்டா? பயனரின் விரல்கள் பழகியதைக் காக்க முடியுமா?

கடைசிக் கேள்வி சிறிதாகத் தோன்றலாம். ஆனால் பேரேட்டிலிருந்து கணினிக்கு வந்த ஒரு கணக்கருக்கு அதுவே பெரிது. அவர் எம்எஃப்சி என்ற பெயரையோ எலக்ட்ரான் என்ற பெயரையோ கேட்டிருக்க மாட்டார். எஃப்5ஐ அழுத்தினால் பணம் செலுத்தும் வவுச்சர் திறக்க வேண்டும். அவர் எதிர்பார்ப்பது அவ்வளவே. அந்த எதிர்பார்ப்பு இத்தனை ஆண்டுகள் பொய்க்காமல் இருந்ததற்குப் பின்னால், அடிமனை யாருடையது என்ற கேள்விக்குப் பெங்களூருவில் முன்பே எடுக்கப்பட்ட ஒரு முடிவு இருக்கிறது.